உப்பு போவுது

போன வாரம் ஒரு நாள் காலையில் கவிதா போன் செய்தாள். திருவொற்றியூர்ப் பக்கம் நான் கடைசியாக வேலை பார்த்த சுகாதார நிலையத்தில் செவிலியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டாள்.

"சிஸ்டர், மாசமா இருக்கிறவங்களுக்கு யூரின்ல அல்புமின் வந்தா தமிழ்ல என்னன்னு சொல்றது? புரதம்னு சொன்னா முழிக்கிறாங்க. உப்புன்னு மட்டும் சொல்லாதீங்கன்னு நீங்க சொல்லிட்டுப் போனதா இங்க எல்லாரும் சொல்றாங்க. அப்ப வேற என்னதான் சொல்றது?"

இப்போதெல்லாம் அந்தச் சோதனை சுலபம். ஒரு பட்டையைச் சிறுநீரில் நனைத்து எடுத்து, நிறம் மாறுகிறதா என்று டப்பாவின் மேலிருக்கும் நிறங்களோடு வைத்துப் பார்த்தால் முடிந்தது. எல்லாம் மாறியும், சொல்ல வேண்டிய வார்த்தை மட்டும் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஓய்வு பெற்றவளிடம் யார் வந்து கேள்வி கேட்கிறார்கள்? கேட்டால் விடுவேனா? ஆனாலும், "நாளைக்குச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலுக்குச் சொந்தக்காரி வேறு ஒருத்தி. அவளைப் பார்க்காமல் அதை எடுத்துக் கொடுப்பது சரியாகப் படவில்லை.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசி போடக் கற்றோம், பிரசவம் பார்க்கக் கற்றோம், விடுதியின் தண்ணீர்ச் சாம்பாரைத் தின்றுகொண்டே சரிவிகித உணவு பற்றிப் பரீட்சை எழுதித் தேறினோம். வேலை என்று நான் கற்றதெல்லாம் ராயபுரத்தில், ருக்மணி அம்மாவிடம்தான்.

ருக்மணி அம்மா எங்கள் மேற்பார்வைச் செவிலியர். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். நல்ல உயரம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, எந்த வெயிலிலும் குடை பிடிக்காத பிடிவாதம். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவுவோம்.

வீடு வீடாகப் போகும்போது அவருக்கு ஒரு முறை உண்டு. வாசலில் நின்று, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்பார். வீட்டுக்காரி உள்ளே திரும்பினால் இவரும் பின்னாலேயே போவார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, நிதானமாகத் தண்ணீரைக் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் அடுப்பில் என்ன இருக்கிறது, எந்தப் பாத்திரம் காலி, காய்கறிக் கூடையில் என்ன மிச்சம், நாங்கள் கொடுத்த சத்து மாத்திரை எந்த மூலையில் பிரிக்காமல் கிடக்கிறது, எல்லாம் அவர் கண்ணுக்குள் வந்துவிடும். தண்ணீர் கேட்பது அடுப்படிக்குள் போவதற்கான தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். புளியந்தோப்புக் குடியிருப்புகளுக்கு அவரோடு போன பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் மாதிரி வீடுகளுக்கு வரும் அதிகாரிகள் வாசலோடு பேசிவிட்டுப் போவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். கேட்டு வாங்கி, டம்ளரை வாயில் வைத்துக் குடித்தவர் நான் பார்த்தவரை இவர்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பெண்கள் அவரிடம் எதையும் மறைத்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. "என்ன சாப்பிடுவே?" என்று அவர் கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லாரும் கீரை, பால், முட்டை என்று பாடம் ஒப்பிப்பார்கள். "நேத்து என்ன சாப்பிட்டே? காலையில இருந்து ஒண்ணொண்ணா சொல்லு" என்பார். நேற்றைக்குப் பொய் சொல்வது கஷ்டம். யோசிக்க வேண்டும்.

அவரிடம் கற்ற திமிரோடு நடுவில் சில காலம் சாத்தாங்காடு பக்கம் வேலை பார்த்தேன். அங்கே இரும்பு மார்க்கெட்டில் மூட்டையும் கம்பியும் தூக்கும் ஒருவருக்குச் சர்க்கரை. தினமும் நடக்க வேண்டும் என்று நான் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நர்ஸம்மா, காத்தால இருந்து பொழுது சாயற வரைக்கும் கம்பி தூக்கிகினு நடந்துகினேதான் கீறேன். நீ ஒரு நாள் கூட வா, ரெண்டு பேரும் வாக்கிங் போவலாம்" என்றார். அவர் மனைவிக்கு ரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரையை நீட்டினால் அந்த அம்மா, "எங்க ஊட்டுக்காரு சட்டைய ஒதறுனாலே ஒரு கைப்பிடி இரும்பு விழுதும்மா, இது வேறயா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ருக்மணி அம்மா மாதிரி நேற்றைய கதையைக் கேட்டேன். மனிதர் காலையில் இரண்டு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை கம்பி தூக்குகிறார். அவருக்கு வேண்டியிருந்தது நடை அல்ல, காலையில் ஒழுங்கான சாப்பாடு. ஊற வைத்த கொண்டைக்கடலையும் ஒரு முட்டையும் தூக்குவாளியில் போக ஆரம்பித்தன. அந்த அம்மாவும் மாத்திரையை டீயோடு விழுங்குவதை விட்டுவிட்டு எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கினார். அறிவுரை என்பது அந்த வீட்டு அடுப்புக்கும் அந்த ஆளின் முதுகுக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது வெறும் வாய்வலி.

இனி உப்புக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் சிறுநீர்ச் சோதனைக்கு ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும்தான். ருக்மணி அம்மா நேரில் நின்று செய்ய வைப்பார். குழாயில் முக்கால் அளவு சிறுநீர். கவ்வியால் அடிப்பக்கம் பிடித்து, சாய்த்து, மேல்பாகத்தை மட்டும் தீயில் காட்ட வேண்டும். அடியைச் சூடாக்கினால் பொங்கி முகத்தில் அடிக்கும். மேலே கொதிக்கும், கீழே தெளிவாக நிற்கும். இரண்டையும் ஒரே குழாயில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மேலே கலங்கினால் உடனே முடிவு கட்டக் கூடாது. அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். கலங்கல் கரைந்துவிட்டால் பயமில்லை. கரையாமல், வெந்த முட்டை வெள்ளைபோலத் திரிதிரியாக நின்றால் அதுதான் அல்புமின். உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரகம் வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். மாசமாக இருப்பவளுக்கு அதோடு ரத்த அழுத்தமும் ஏறினால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து.

அந்தக் கசிவை ஊரில் எல்லாரும் உப்பு என்றுதான் சொன்னார்கள். டாக்டர், ஆயா, லேப், நோயாளி, எல்லார் வாயிலும் அது உப்புதான். உப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யார் வைத்த பெயரோ தெரியாது. "உனக்கு உப்பு போவுது" என்றால் வந்தவள் தலையாட்டுவாள். அவள் என்ன புரிந்துகொண்டு தலையாட்டுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

ஸ்டெல்லா மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மாதா கோயில் சந்தில் இருந்தாள். தலைப்பிரசவம், எட்டாம் மாதம். கணவன் ஆரோக்கியம் விசைப்படகில் போகிறவன். அவளுக்கு அம்மா இல்லை. அதனால் வளைகாப்பு முடிந்தும் பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமியாரிடமே இருந்தாள். அந்த மாமியார்தான் ஃபிலோமினா. மீன் வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடு விற்பவள். அவள் கையில் எப்போதும் உப்பு பூத்திருக்கும். மருமகளைத் தாயில்லாப் பெண் என்று தாங்கினாள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் ஸ்டெல்லா பரிசோதனைக்கு வரவில்லை. எட்டாம் மாதத்தில் வராதவளை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ருக்மணி அம்மாவின் சட்டம். காலையிலேயே கிளம்பிவிட்டோம். ஃபிலோமினா சந்தில் சாக்கு விரித்து மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சிஸ்டர், நீங்களே வந்துட்டீங்க? புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்துத் தெரு லேப்புல டெஸ்ட்டு எடுத்தோம். உப்பு போவுது, டாக்டருகிட்ட காட்டுன்னாங்கோ. ஆரோக்கியம் கடலுக்குப் போயிகிறான், வந்தொடனே காட்டலாம்னு கீறோம். அதுவரைக்கும் நான் பாத்துகினுதான் கீறேன்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார் ருக்மணி அம்மா.

ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சின்ன அடுப்படி. ஸ்டெல்லா பாயில் சாய்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. வளைகாப்பு வளையல்கள் சத்தமில்லாமல் கையோடு கையாக அழுந்திக் கிடந்தன. அடுப்படியில் ஒரு சொம்பு கஞ்சியைத் தட்டால் மூடி வைத்திருந்தார்கள். ருக்மணி அம்மா கேட்காமலேயே தட்டை நகர்த்தி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வெளியே வந்து ஸ்டெல்லாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டேம்மா? காலையில இருந்து சொல்லு."

"காத்தால கஞ்சி, கருவாடு. மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு. சாயங்காலம் உப்பு போட்டு மோரு. அத்தே எல்லாத்துலயும் கொஞ்சம் தூக்கலாப் போட்டுக் குடுக்கறாங்க. ஒடம்புல இருந்து உப்பு போவுதாம்ல" என்றாள் ஸ்டெல்லா.

ஃபிலோமினா தண்ணீர் டம்ளரோடு பெருமையாக நின்றாள். "போற உப்ப நாமதான் ஏத்தணும் சிஸ்டர். நாலு நாளா ஏத்திகினு கீறேன். இன்னும் ரெண்டு நாள்ல சரியாப் பூடும்."

நான் பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவியை எடுத்து வைத்தேன்.

"தலை வலிக்குதா?" என்றார் ருக்மணி அம்மா.

"ரெண்டு நாளா வலி சிஸ்டர். கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரியும் கீது. சத்து இல்லாததால அப்டி இருக்கும்னு நெனச்சேன்."

கட்டைவிரலால் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் அழுத்திப் பிடித்தார். விரலை எடுத்ததும் குழி அப்படியே நின்றது. பிறகு பாதரசக் கருவியைத் திறந்து அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் விட்டு மறுபடியும் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என் காதில் வைத்தார். பாதரசம் எங்கோ உச்சியில் இருக்கும்போதே சத்தம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு உயரத்தில் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ருக்மணி அம்மாவின் குரல் இறங்கியது. "ஆட்டோ கூப்பிடு" என்றார் என்னிடம்.

ஃபிலோமினா குறுக்கே நின்றாள். "அவ ஊட்டுக்காரன் இல்லாத நேரத்துல ஆஸ்பத்திரியில போட்டா அவன் வந்து என்ன கேப்பான் சிஸ்டர். உப்புதான போவுது. ரெண்டு நாள் டைம் குடுங்க."

இன்னொருவராக இருந்தால் திட்டியிருப்பார். நானே திட்டத்தான் வாயைத் திறந்தேன். ருக்மணி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபிலோமினா, உன் மீன் கூடையில ஓட்டை. கீழ மீன் கொட்டிக்கிட்டே இருக்கு. நீ மேல மீனை அள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பியா, ஓட்டையைப் பார்ப்பியா?"

ஃபிலோமினா ஒரு கணம் மருமகளைப் பார்த்தாள். பிறகு செருப்பைக்கூடப் போடாமல், என்னை முந்திக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்ததுதான் தாமதம், ஸ்டெல்லாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் செருகி, கை கால் இழுத்து, வாயில் நுரை. ஓடி வந்தவர்கள் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கை வீங்கியிருந்ததால் வளையல்களைச் சோப்பு போட்டுக் கழற்றினார்கள், கழலாதவற்றை உடைத்தார்கள். பிரசவத்துக்கு முன்னால் வளைகாப்பு வளையல் உடைவதைப் பார்க்க முடியாமல் ஃபிலோமினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பியபடியே அங்கிருந்த நர்ஸிடம் கேட்டாள். "இன்னா ஊசிம்மா அது?"

"மெக்னீசியம் சல்பேட். வலிப்பை நிறுத்தறதுக்கு. அதுவும் ஒரு வகை உப்புதாம்மா" என்றாள் அந்தப் பெண், அவசரத்தில்.

ஃபிலோமினாவின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. என் கையைப் பிடித்து, "பாத்தியா, உப்புதான் ஏத்துறாங்கோ. நான் சொன்னேன்ல" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

அறுவை சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒரு கையில் அடங்கும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஸ்டெல்லா மறுநாள்தான் தெளிவாகக் கண் விழித்து மாமியாரை அடையாளம் கண்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஃபிலோமினா அந்தக் கேள்வியைக் கேட்டாள். நாங்கள் மூவரும் வார்டு வராந்தாவில் நின்றிருந்தோம்.

"நான் போட்ட உப்பாலதான் வந்துச்சா சிஸ்டர்?"

நான் இல்லை இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்தேன். ருக்மணி அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"இந்த நோய் உப்பால வர்றதில்லை. டாக்டரையும் கேட்டுட்டேன். உப்பே போடாம இருந்திருந்தாலும் வந்திருக்கும். அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது, அது வேற. ஆனா உப்பு போடுறோம், சரியாயிடும்னு வீட்டுல உட்கார்ந்திருந்தே பாரு, ஆபத்து அங்கதான் இருந்துச்சு" என்றார்.

பெற்றவள்போலப் பார்த்துக்கொண்டவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்கு அன்றைக்குக் கோபமாக வந்தது. ருக்மணி அம்மா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அதே சந்துக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. எந்த வீட்டில் மாசமான பெண் இருந்தாலும் ஃபிலோமினா எங்களுக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். வாரம் தவறாமல் அவர்களைப் பரிசோதனைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தால் அவள் வீட்டில் உட்கார்ந்து அழுதிருப்பாள். உண்மையைச் சொன்னதால் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு நாங்களும் வேறு வார்த்தை தேடினோம். முட்டை வெள்ளை போகிறது என்றால் முட்டையாக வாங்கிக் கொடுத்தார்கள். சத்து போகிறது என்றால் டானிக் வாங்கினார்கள். போகிறது என்று எதைச் சொன்னாலும் எங்கள் பெண்கள் அதைச் சமைத்துப் போட்டு ஈடுகட்டிவிடுவார்கள். தப்பு உப்பு என்ற வார்த்தையில் இல்லை, போகிறது என்ற வார்த்தையில் இருந்தது. இது எனக்குப் புரியவே பல வருடம் ஆனது.

கவிதா போன் செய்த மறுநாள் நான் மாதா கோயில் சந்துக்குப் போனேன். நடந்துதான் போனேன். ரெஜினாவிடம் எனக்குப் பயம். அன்று கண்ணாடிப் பெட்டியில் கிடந்த அந்தப் பிள்ளைதான் ரெஜினா. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். என் முட்டி வலிக்கு அவள்தான் வைத்தியம். "நர்ஸம்மா, ஆட்டோவுல வந்தா உள்ள விடமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நான் ஊருக்குச் சொன்ன உபதேசத்தையெல்லாம் எனக்கே திருப்பிக் கொடுக்க ஒருத்தியை என் கையாலேயே காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

ஃபிலோமினாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். கவிதாவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, கேள்வியை உரக்கச் சொன்னேன். பக்கத்தில் ஸ்டெல்லா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு போவுதுன்னே சொல்லும்மா. அதான் அல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்த" என்றாள் ஃபிலோமினா. "ஆனா அதோட நிறுத்தாத. உப்பு போவுது, உப்பு டப்பாவத் தொறக்காத, வாசக் கதவத் தொற, ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரே மூச்சுல சொல்லு. நடுவுல மூச்சு வுட்டீன்னா அந்தப் பொம்பள அதுக்குள்ள அடுப்பாண்ட பூடுவா. நான் போனேன்ல."

மறுமுனையில் கவிதா அதை ஒரு முறை திருப்பிச் சொன்னாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள். "அம்மா, நீங்க எந்த சென்டர்ல வேலை பாத்தீங்க?"

"கருவாட்டு மார்க்கெட்டுலம்மா."

போனை வைத்த பிறகும், "நான் போனேன்ல" என்று அவள் சொன்னது அறையிலேயே நின்றது. எனக்குத் தெரிந்து, ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்ததே இல்லை. ஊருக்கெல்லாம் கருவாடு விற்ற வீட்டில் வெறும் மீனும் பருப்பும்தான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

ஸ்டெல்லா பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அத்தே, இன்னிக்கி கருவாட்டுக் கொழம்பு வெய்யேன்."

"எதுக்குடி இப்ப?"

"சாப்புடணும் போல கீது. அப்ப நீ வெச்சது நல்லாத்தான் இருந்துச்சு. உப்பு தூக்கல், அவ்ளோதான்."

ஃபிலோமினா என்னைப் பார்த்தாள். நான் செவிலியர் ஆயிற்றே, சும்மா இருக்க முடியுமா? "கருவாட்ட வெந்நீர்ல ஊற வெச்சு நல்லா அலசிடு. கத்திரிக்காய் நெறைய போடு. கொழம்புக்குத் தனியா உப்பு வேணாம்" என்றேன். எனக்கும் பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று மதியம் இரண்டாம் முறையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை ரெஜினாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் நடந்ததைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். குழம்பு கொதித்து வாசனை சந்துவரை போனதும் ஃபிலோமினா கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். ஸ்டெல்லா தன் உள்ளங்கையை நீட்டினாள். ஃபிலோமினா அதில் ஒரு சொட்டு விட்டாள்.

"உப்பு பாத்து சொல்லு" என்றாள்.

ஸ்டெல்லா நக்கிப் பார்த்தாள். "சரியா கீது அத்தே" என்றாள்.